ஊக்கம் கசியும் இடங்கள்

சிறுதொழில் செய்பவர்களைப் பார்த்து ‘மனம் தளராதே’ என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் வந்து விழும் பொன்மொழிகளும், தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் காணொளிகளும், உறவுக்காரர்களின் அறிவுரையும் சுற்றிச் சுற்றி ஒன்றையே சொல்கின்றன: ஊக்கம் மனசுக்குள்ளிருந்து வருவது, அது குறைந்தால் குறை உன்னிடம்தான். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த வார்த்தை எத்தனை பேரை வதைக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. ஆறு மாதமாகப் பாக்கி வராமல் திண்டாடும் லேத் பட்டறைக்காரரும், வருஷத்தில் நாலு நாள்கூடக் கடையடைக்காத மளிகைக்காரரும், தண்டல் கட்டியே காலம் தள்ளும் காய்கறிக்கடை அம்மாவும் தங்கள் சோர்வைத் தங்கள் குணக்கேடாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘முன்னே மாதிரி எனக்கு வேகம் இல்லை’ என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. ஊக்கம் பெரும்பாலும் ஒரு விளைவு. பணம் வந்துபோகும் ஒழுங்கு, உடம்புக்குக் கிடைக்கும் ஓய்வு, செய்த வேலையின் பலன் கண்ணில் படுவது, மனம்விட்டுப் பேச நாலு பேர் இருப்பது, இவை சரியாக இருக்கும் இடத்தில் அது தானே ஊறும். இவை கெட்ட இடத்தில் எவ்வளவு பேசினாலும் வற்றும். இதற்கு ஆதாரம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் ஊர் மண்ணிலேயே கிடைத்தது.

முதலில் ஒரு கடையைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். தமிழ்நாட்டின் எந்தச் சின்ன ஊரிலும் மளிகைக்கடையின் நாள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். ஐந்தரை மணிக்குப் பால் வண்டி வந்துவிடும். அதற்கு முன்பே கடைக்காரர் வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றியிருப்பார். முதல் போணி ஒரு பால் பாக்கெட்டாக இருக்கும், இல்லையென்றால் ஒரு ஷாம்பு பாக்கெட். ஏழரைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பத்து மணிக்குக் கம்பெனி ஏஜென்டுகள், பதினொன்றுக்குத் தண்டல்காரர். மதியம் சற்றுக் கண்ணயரலாமென்றால் ‘அண்ணே, ஒரு சோப்பு’ என்று ஒரு குரல். சாப்பாடு கல்லாவுக்குப் பக்கத்திலேயே. பாதியில் கை கழுவி, எடை போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார வேண்டும். இரவு பத்தரைக்கு ஷட்டர் இறங்கும்போது பதினேழு மணி நேரம் ஓடியிருக்கும். அந்தக் கல்லாப்பெட்டியில்தான் விஷயம் இருக்கிறது. பால்காரருக்குப் போக வேண்டிய பணம், எண்ணெய் டின்னுக்கான பணம், மகளின் கல்லூரிக் கட்டணம், கேஸ் சிலிண்டர், கோயில் வரி எல்லாம் அதே பெட்டியிலிருந்து. செல்போனில் ஸ்கேன் செய்து வரும் பணம் தனியாக வங்கியில் விழுகிறது. அதிலிருந்து வீட்டுக் கடன் தவணை தானாகப் பிடித்துக்கொள்ளப்படுகிறது. மாதக் கடைசியில் கடை லாபத்தில் ஓடுகிறதா, முதலைத் தின்றுகொண்டு ஓடுகிறதா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. தினமும் பதினேழு மணி நேரம் உழைத்து, அந்த உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் படுக்கப்போகும் ஒருவரிடம் உற்சாகத்தை எதிர்பார்ப்பதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

பணக்கவலை மூளையை என்ன செய்கிறது என்பதற்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்புக்காரர் கையில் பெரும்பணம் வருஷத்துக்கு ஒருமுறைதான் புழங்கும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் அடகும் கைமாற்றுமாக ஓடும். வெட்டு முடிந்து பணம் வந்ததும் மூச்சு விடலாம். அதே விவசாயிக்கு இந்த இரண்டு காலத்திலும் ஒரே மாதிரியான சோதனைகள் தரப்பட்டன. விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிப்பது, கவனம் சிதறாமல் விடை சொல்வது போன்றவை. அறுவடைக்குப் பின் அவர் சரியாகவும் வேகமாகவும் செய்தார். அறுவடைக்கு முன் தடுமாறினார். ஆள் அதே ஆள்தான், அறிவும் அதே அறிவுதான். கையில் பணம் இருந்ததும் இல்லாததும் மட்டுமே வேறுபாடு. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த இந்த ஆய்வின் கணக்கீட்டு முறையைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு. ஒரே சோதனையை இரண்டாம் தடவை செய்யும்போது கை பழகிவிடாதா என்ற சந்தேகமும் நியாயமானதே. ஆய்வாளர்களும் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவுக்கு வந்தார்கள். இந்த ஒன்றை மட்டும் வைத்து நானும் வாதத்தை நிறுத்திவிடப் போவதில்லை.

ஒடிசாவில் தையல் இலைத் தட்டு செய்யும் தொழிலாளர்களிடம் பிற்பாடு இன்னொரு சோதனை நடந்தது. இலைகளை ஒன்றோடொன்று பொருத்திக் குச்சியால் தைத்துத் தட்டாக்கும் வேலை. தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. கூலி விகிதத்தில் மாற்றம் இல்லை, வேலையிலும் மாற்றம் இல்லை. சிலருக்கு மட்டும் அதுவரை சேர்ந்திருந்த கூலியைக் கடைசி நாள்வரை காத்திருக்க வைக்காமல் இடையிலேயே கொடுத்துவிட்டார்கள். பணம் கைக்கு வந்தவுடன் அவர்கள் செய்த முதல் காரியம் அவசரக் கடன்களை அடைத்தது. அடுத்து நடந்ததுதான் முக்கியம். அவர்கள் செய்த தட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 6, 7 விழுக்காடு கூடியது. கவனக்குறைவால் வரும் தையல் பிழைகளும் குறைந்தன. யாரும் அவர்களுக்கு உற்சாக உரை ஆற்றவில்லை. ‘கடன்காரன் இன்று வருவானா’ என்ற நினைப்பு ஒன்று மனசிலிருந்து இறங்கியது, அவ்வளவுதான். தொழில் நடத்துபவருக்கு இதைவிட நேரடியான பாடம் வேறில்லை என்று நினைக்கிறேன். வர வேண்டிய தொகை எவ்வளவோ அதே அளவு முக்கியம், அது எந்த நாளில் வருகிறது என்பதும்.

எந்த நாளில் வருகிறது என்ற இந்தக் கேள்வியில்தான் நம் பட்டறைக்காரர்கள் சாய்கிறார்கள். கோவையிலோ ஓசூரிலோ இரண்டு லேத், ஒரு துளைபோடும் இயந்திரம் வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு வாங்கக் கைக்காசு, ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி, மாதம் பிறந்தால் கரண்ட் பில், போட்ட பில்லுக்கு ஜிஎஸ்டி. இவை எதுவும் அவருக்காகக் காத்திருக்காது. பில் தொகை மட்டும் மூன்று மாதம், நாலு மாதம் கழித்து வரும். சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது; ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் வட்டிக்கு வட்டியாகக் கட்ட வேண்டும். புகார் கொடுக்க 2017இல் ‘சமாதான்’ என்ற இணையதளமும் வந்தது. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவும் சேர்ந்துகொண்டது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை வாங்கிய கம்பெனி தன் செலவுக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்கிறது அது.

‘ஏட்டில் எல்லாம் இருக்கிறது, பாக்கியைக் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும்’ என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. புகார் எழுதத் துணிந்தவர் அந்த வாடிக்கையாளரை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். நாலைந்து ஆர்டர்களில் பெரும்பங்கு ஒரே கம்பெனியிலிருந்து வருகிறது என்றால் அந்தத் துணிவுக்கு இடமே இல்லை. ஆனால் சட்டத்தை நீட்டுவதற்கும் வாய்மூடி இருப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு எண்ணையும் பணம் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியையும் பில்லிலேயே அச்சடிப்பது, சரக்கு போன அன்றே பில் போடுவது, நாற்பதாம் நாள் ஒரு போன் செய்வது, இவற்றில் சண்டை எதுவும் இல்லை. பில்லை ஒரு வாரம் கழித்துப் போடும் பட்டறைகள் எத்தனையோ. கெடுவை அவர்களே ஒரு வாரம் தள்ளிக் கொடுக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். இன்னொரு பக்கம், இது பட்டறைக்காரரின் சாமர்த்தியத்தால் மட்டும் தீர வேண்டிய காரியமும் அல்ல. பெரிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து ஒரு கோப்பை அடுத்த வாரத்துக்கு ஒதுக்கி வைப்பவர், ஒரு சின்னப் பட்டறையின் சனிக்கிழமைக் கூலியை ஒதுக்கி வைக்கிறார். இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மளிகைக்கடைக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யமில் பதிவு செய்யலாம். வங்கிக் கடனில் முன்னுரிமை கிடைக்கும். காலதாமதப் பணத்துக்கான உரிமை கிடைக்காது. அவருக்கு வர வேண்டிய பாக்கி நம் வீடுகளில் இருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கடன் நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். சம்பளம் வந்ததும் முதல் வாரத்தில் வங்கித் தவணை, கேபிள், நெட் எல்லாம் தாமாகப் பிடிக்கப்படுகின்றன. மிஞ்சியதில் பாதியைக் கடைக்காரரிடம் கொடுத்து ‘மிச்சம் அடுத்த மாசம்ணே’ என்கிறோம். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். அடுத்த தெருவில் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டதே. தன் சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, அதே சரக்கை மறுபடி வாங்க அவர் தண்டலுக்குப் போகிறார் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தண்டலின் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். சென்னையில் தள்ளுவண்டியில் பழம் விற்பவர்கள் காலையில் 1,000 ரூபாய்ச் சரக்கைக் கடனாக எடுத்து, இரவில் சராசரியாக ஏறத்தாழ 1,047 ரூபாய் திருப்பிக் கட்டியதை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011இல் வெளிவந்த தங்கள் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு 4.69 விழுக்காடு வட்டி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் சில மாதங்களில் சொந்தக் காசில் சரக்கெடுக்கலாமே, ஏன் செய்வதில்லை என்று கேட்கத் தோன்றும். ஊக்கம் தனிமனிதக் குணம் என்று நம்புபவர்கள் இந்த இடத்தில்தான் விரல் நீட்டுவார்கள். அவர்களுக்கு வலுச் சேர்ப்பது போலத் தோன்றும் ஒரு சோதனையும் உண்டு. டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சிறுவியாபாரிகளின் கந்துவட்டிக் கடனை மொத்தமாக அடைத்துக் கொடுத்துவிட்டுக் கவனித்தார்கள். பெரும்பாலோர் ஆறே வாரத்தில் மறுபடி கடனுக்குள் போய்விட்டார்கள். ‘பார்த்தீர்களா, கடனை அடைத்துக் கொடுத்தாலும் திருந்தாதவர்கள்’ என்று இதைப் படிக்கலாம். எனக்கு அப்படிப் படிக்கத் தோன்றவில்லை. சோதனையில் அடைக்கப்பட்டது கடன் மட்டும். ஒரு மழை நாளில் பழம் அழுகினால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், ஊரில் ஒரு சாவு விழுந்தால் எடுத்துச் செலவழிக்கத் தனிப்பணம் அப்போதும் இல்லை. கல்லாவும் வீடும் அப்போதும் ஒன்றாகத்தான் கிடந்தன. ஓட்டையை அடைக்காமல் குடத்தை ஒருமுறை நிரப்பிக் கொடுத்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே முதல் வேலை மனசில் இல்லை, கல்லாவில் இருக்கிறது. கடைக்காரர் தனக்கென்று மாதச் சம்பளம் ஒன்றை வரையறுத்துக்கொண்டு, வீட்டுச் செலவை அதற்குள் நிறுத்துவது. பாக்கியைத் தனியாகவும் கைச்சரக்கைத் தனியாகவும் வாரம் ஒருமுறை எழுதிப் பார்ப்பது. சின்னத் தொகையானாலும் மழை நாளுக்கென்று கைபடாத இடத்தில் போட்டு வைப்பது. இவை புதுமையான யோசனைகள் அல்ல. நம் பழைய வியாபாரிகள் சிட்டை, பேரேடு என்று பிரித்து எழுதியதும் இதற்குத்தான். ஆனால் இவற்றை லாபம் கூட்டும் உபாயமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். மனத்தெம்பு காக்கும் உபாயமாகவும் சொல்ல வேண்டும். நாளைக்கு வர வேண்டியது இவ்வளவு, போக வேண்டியது இவ்வளவு என்று தெரிந்தவருக்கு நஷ்டத்தையும் ஒரு வேலையாக எடுத்துச் செய்ய முடியும். தெரியாதவருக்கு லாபமே வந்தாலும் அது பயத்தில் கரைந்துபோகும்.

அடுத்தது உடம்பு. சென்னையில் ஏழைத் தொழிலாளர் 452 பேரை வைத்துப் பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃப்ராங்க் ஷில்பாக் முதலியோர் நடத்திய தூக்க ஆய்வு 2021இல் வெளிவந்தது. கணினியில் தகவல் பதியும் வேலை. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான் என்று கையில் கட்டிய கருவி காட்டியது. வெக்கை, கொசு, தெருச் சத்தம், நெருக்கடி. சென்னையில் குடியிருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கண்பட்டை, காதடைப்பான், நல்ல தலையணை எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை அரை மணி நேரம்போலக் கூட்டினார்கள். வேலையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் மதியம் வேலையிடத்திலேயே அமைதியாக அரை மணி நேரம் படுக்க விட்டபோது வேலையின் வேகம் கூடியது, மனநிலை தேறியது, கவனம் நின்றது. நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்த அரை மணி நேரமும் இடைவிடாமல் வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டால், தூங்கியவர்களின் அன்றைய மொத்தச் சம்பாத்தியம் குறைவுதான். ஒரு மாதச் சோதனையில் அப்படி. பத்து வருஷம் ஒரே கல்லாவில் உட்காரப் போகிறவர் எந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

2021இல் தமிழ்நாடு ஒரு நல்ல சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பது அது. வாரவிடுமுறை, வேலை நேரம் என்று பணியாளருக்குச் சட்டம் எத்தனையோ வகுத்திருக்கிறது. அவை முழுதாக நடக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவருக்கு அவற்றை வகுத்துக் கொடுக்க யாருமில்லை, அவரேதான் வகுத்துக்கொள்ள வேண்டும். முடி திருத்துபவர்கள் இதில் நமக்கு வழிகாட்டிகள். செவ்வாய்க்கிழமை சலூன் கிடையாது என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். தொடக்கத்தில் அது நாள் பார்க்கும் வழக்கமாக இருந்திருக்கலாம். இன்று அது ஒரு தொழிலே சேர்ந்து எடுக்கும் ஓய்வு. அதில் உள்ள சூட்சுமம், எல்லோரும் ஒரே நாளில் மூடுகிறார்கள் என்பது. ‘நான் மூடினால் எதிர்க்கடைக்குக் கூட்டம் போகும்’ என்ற பயம்தான் மளிகைக்காரரை ஞாயிற்றுக்கிழமையும் கல்லாவில் கட்டிப்போடுகிறது. எதிர்க்கடைக்காரரையும் அதே பயம்தான். பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலிகள் வந்த பிறகு அந்தப் பயம் இரட்டிப்பாகிவிட்டது. ஆனால் நேரத்தால் அந்தச் செயலிகளை ஒரு தனிமனிதர் ஜெயிக்க முடியாது. அவற்றுக்கு ஷிஃப்ட் உண்டு. இவருக்கு ஒரே உடம்பு. தெருக் கடைகள் நாலு சேர்ந்து முறை வைத்து அரை நாள் மூடினால் வாடிக்கையாளர் ஒரே வாரத்தில் பழகிக்கொள்வார்.

நாலு கடை சேர்வது என்றதும் பலருக்கும் நம்பிக்கை வராது. போட்டியாளர்கள் எப்படி மனம்விட்டுப் பேசுவார்கள்? சீனாவின் நான்சாங் நகரில் 2,800க்கும் மேற்பட்ட இளம் நிறுவனங்களை வைத்து ஜிங் சாய், ஆடம் செய்ட்ல் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்துப் பத்து நிறுவன நிர்வாகிகளைக் குழுவாக்கி மாதம் ஒருமுறை ஓராண்டு சந்திக்க வைத்தார்கள். குழுவில் சேராத நிறுவனங்களோடு ஒப்பிட்டபோது, சேர்ந்தவற்றின் விற்பனை சராசரியாக 8 விழுக்காடு கூடியது. தொழிலுக்கு உதவும் செய்திகளும் வியாபாரத் தொடர்புகளும் கைமாறின. நமக்கு இது புதிதல்ல. விருதுநகர், சிவகாசி வட்டாரத்து நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுப்பணம் சேர்த்தார்கள். 1885இல் விருதுநகரில் பள்ளிக்கூடம் எழுந்ததும், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றி 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனதும் அந்தக் கூட்டுப் பழக்கத்தின் தொடர்ச்சி. ஒரு சாதிக்குள் அடங்கிய ஏற்பாடு அது; அதன் எல்லையை மறைக்க வேண்டியதில்லை. ஒரே தொழில் என்பதையே உறவாக வைத்தும் கூட முடியும் என்பதற்கு 1969இலிருந்து இயங்கும் கோவையின் சிறுதொழில் சங்கமான கொடிசியா சாட்சி. வணிகர் சங்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. மே 5ஆம் தேதி மாநாடும் நடக்கிறது. மாநாட்டில் கோரிக்கை எழும். ‘இந்த மாசம் எனக்கு வாடகை கட்ட முடியவில்லை’ என்று ஒருவர் சொல்ல அங்கே இடமிருக்காது. அதற்குப் பத்துப் பேர் போதும். சொந்தத் தொழிலில் தனிமை எவ்வளவு கனமானது என்பது சம்பளக்காரர்களுக்கு எளிதில் புரியாது. அலுவலகத்தில் மேலதிகாரியைத் திட்டவாவது பக்கத்து மேசை உண்டு. முதலாளி யாரிடம் போய்த் திட்டுவார்? ஆட்களிடம் சொன்னால் பயப்படுவார்கள், வீட்டில் சொன்னால் தூக்கம் போகும், வாடிக்கையாளரிடம் சொன்னால் கடையின் பெயர் போகும்.

கணக்கெழுதுவதற்கு இன்னொரு பலனும் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த தெரசா அமபைலும் ஸ்டீவன் கிரேமரும் 7 கம்பெனிகளில் 238 ஊழியர்களை நாட்குறிப்பு எழுத வைத்து, ஏறத்தாழ 12,000 நாள் குறிப்புகளைப் படித்தார்கள். மனம் உற்சாகமாக இருந்த நாள்களில் பொதுவாக என்ன நடந்திருந்தது என்று தேடினால், பாராட்டோ போனஸோ முன்னால் வரவில்லை. பொருளுள்ள வேலை ஒன்றில் சிறிதாவது முன்னேறியிருந்தார்கள் என்பதே முதலில் வந்தது. மளிகைக்கடையின் சிக்கல், அங்கே முன்னேற்றம் கண்ணில் படாது என்பது. அடுக்கியது மாலைக்குள் கலையும், நிரப்பியது காலியாகும், மறுநாள் மறுபடி பால். ‘இந்த மாதம் பாக்கியில் பாதி வசூலானது’, ‘எடைக் குறைவுப் புகார் ஒன்றுகூட இல்லை’, ‘தண்டலில் ஒரு தவணை முன்கூட்டியே கட்டியாயிற்று’ என்று வாரத்துக்கு ஒரு வரி எழுதி வைக்கும் இடத்தில்தான், கலைந்து கலைந்து போகும் உழைப்புக்கு ஓர் உருவம் கிடைக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வலுவான மறுப்பு நிற்கிறது. மனப்பாங்குக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, அதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் லோமே நகரத்தில் 1,500 சிறு வியாபாரிகளை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு, விலை நிர்ணயம், விளம்பரம் என்ற வழக்கமான வியாபாரப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்குத் தன்முனைப்புப் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவின்படி, தன்முனைப்புப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 விழுக்காடு கூடியது; வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்குக் கூடிய 11 விழுக்காடு தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்ற அளவில் நின்றது. மனசு ஜெயித்துவிட்டது என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பயிற்சிக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். மேடைப் பேச்சு அங்கே கிடையாது. ‘எல்லோரும் விற்பதையே விற்காமல் வேறு என்ன விற்கலாம்’, ‘அடுத்த ஆறு மாதத்தில் வரக்கூடிய தடை என்ன’, ‘குறிக்கோளைத் தேதி போட்டு எழுது’ என்று செய்து பழகிய பாடங்கள். வகுப்பு முடிந்த பிறகும் பயிற்சியாளர் சில மாதங்கள் கடைக்கே வந்து பார்த்தார். மனப்பாங்கும்கூடப் பழக்கமாகவும் ஏற்பாடாகவும் கற்றுத்தரப்பட்டபோதுதான் பலித்தது. திருக்குறளின் பொருட்பாலில் ‘ஊக்கமுடைமை’ 60ஆம் அதிகாரம். ஆராய்ந்து இறங்குவதையும் தன் பலம் அறிவதையும் பேசும் ‘தெரிந்து செயல்வகை’, ‘வலியறிதல்’ இரண்டும் 47, 48. அதிகார வரிசை யார் வகுத்ததாக இருந்தாலும், அந்த முன்பின் எனக்குச் சரியாகப் படுகிறது.

கடைசியாக, யாரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி. பணம் வந்துபோகும் வழியை ஒழுங்கு செய்து, ஓய்வெடுத்து, நாலு பேரோடு பேசிப் பார்த்த பிறகும் காலையில் ஷட்டரைத் தூக்கக் கை எழவில்லை என்றால்? அப்போது அந்தச் சோர்வைச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும். எஸ்டிடி பூத்தும் கேசட் கடையும் ஃபிலிம் கழுவும் ஸ்டூடியோவும் அவற்றை நடத்தியவர்களின் ஊக்கக் குறைவால் மறையவில்லை. ‘இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடி’ என்று அவர்களை உற்சாகப்படுத்தி மேலும் கடன் வாங்க வைத்தவர்கள் நல்லது செய்யவில்லை. மூடுவதென்றால் அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. தீபாவளிச் சரக்கைப் புதிதாக எடுக்காமல் இருப்பதை விற்றுக் குறைப்பது, கட்டட உரிமையாளரிடம் இருக்கும் அட்வான்ஸ் வாடகையில் கழிந்துபோகும் முன்பே நோட்டீஸ் கொடுப்பது, ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்வது, கடன் நோட்டைப் பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாக்கியைக் கேட்பது. கடையில் வேலை பார்த்த பையனுக்குப் பக்கத்துக் கடையில் சொல்லிவைத்து, மீதிச் சம்பளத்தை அவன் கையில் எண்ணிக் கொடுத்த பிறகு பெயர்ப்பலகையை இறக்கலாம்.